சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறும் ஹார்மோன் மாற்றங்களும்

இனப்பெருக்க வயதிலுள்ள பெண்களில் நூற்றுக்கு 10 முதல் 13 பேர் வரை சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறுக்கு உள்ளாகியிருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களுள் 70 சதவீதம் வரையிலானோர் தமக்கு அக்கோளாறு இருப்பதையே அறியாதவர்கள். 1935-ஆம் ஆண்டில் ஸ்டைன், லெவெந்தால் என்னும் அமெரிக்க மருத்துவர்கள் ஏழு பெண்களை ஆராய்ந்து இதனை விளக்கினர். பெயரில் நீர்க்கட்டி என்னும் சொல் இருப்பினும், இவை உண்மையான கட்டிகள் அல்ல. முதிர்ச்சியடையாமல் நின்றுவிட்ட பாலிக்கிள்களே ஆகும்.

ஒழுங்கு குலையும் விதம்

பிட்யூட்டரி சுரப்பி இரு ஹார்மோன்களை அனுப்பிச் சினைப்பையை இயக்குகிறது. பாலிக்கிளைத் தூண்டும் ஹார்மோன் கருமுட்டையை முதிர்விக்கிறது; லூட்டினைசிங் ஹார்மோன் அதனை வெளிவரச் செய்கிறது. இக்கோளாறில் மூளையின் ஹைப்போதலாமஸ் விடுக்கும் தூண்டுதல்கள் விரைவடைவதால், பலருக்கு லூட்டினைசிங் ஹார்மோன் மிகுகிறது; மற்றது ஈடு கொடுப்பதில்லை. இதனால் சினைப்பையில் ஆண்ட்ரோஜன் பெருகுகிறது. முகத்தில் மயிர் வளர்தல், பரு ஆகியவை இதன் விளைவுகள்.

கருமுட்டை வெளிவராதபோது புரோஜெஸ்டிரோன் போதிய அளவு சுரப்பதில்லை. மாதவிடாய் தள்ளிப்போகிறது. ஈஸ்ட்ரோஜன் மட்டும் தொடர்ந்து செயற்படுவதால் கருப்பையின் உட்சவ்வு தடிக்கிறது. நெடுங்காலம் கவனியாது விடின் அங்குப் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பும் மிகும்.

இன்சுலினின் பங்கு

இப்பெண்களில் பலரது உடல் இன்சுலினுக்கு உரியவாறு இணங்குவதில்லை. ஆகவே கணையம் அதனை மிகுதியாகச் சுரக்கிறது. மிகுந்த இன்சுலின் சினைப்பையில் ஆண்ட்ரோஜன் உற்பத்தியைத் தூண்டுகிறது. அத்துடன், ஆண்ட்ரோஜனைப் பிணைத்து வைக்கும் புரதத்தைக் கல்லீரல் உண்டாக்குவதையும் குறைக்கிறது. நீரிழிவு நோய்க்கு வழி வகுப்பதும் இதுவே. மெலிந்த உடலினரும் இதற்கு விலக்கல்லர்.

கண்டறிதல்

2003-ஆம் ஆண்டு ராட்டர்டாமில் வகுக்கப்பட்ட நெறிகளின்படி, ஒழுங்கற்ற கருமுட்டை வெளிப்பாடு, மிகுந்த ஆண்ட்ரோஜன், ஸ்கேனில் தென்படும் பல பாலிக்கிள்கள் ஆகிய மூன்றில் இரண்டு இருத்தல் வேண்டும். இதே அறிகுறிகளைத் தரும் பிற நோய்கள் இல்லையென்பதும் உறுதியாக வேண்டும். பூப்பெய்திய தொடக்க ஆண்டுகளில் மாதவிடாய் ஒழுங்கின்றி வருவதும், பாலிக்கிள்கள் பல தென்படுவதும் இயல்பே. ஆகவே ஸ்கேனை மட்டும் நம்பி ஒரு சிறுமிக்கு நோய்ப் பெயர் சூட்டுதல் தவறு. 'இவளுக்குக் குழந்தை பிறக்காது' என்ற பேச்சு அவளது திருமணத்தையே பாதிக்கக்கூடும். உண்மையில் தக்க சிகிச்சையால் பெரும்பாலோர் தாய்மை அடைகின்றனர்.

செய்ய வேண்டுவது

உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியுமே முதற்படி. பருமனானவர் தம் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே மாதவிடாய் சீரடையக்கூடும். தேவைக்கேற்ப மருத்துவர் ஹார்மோன் மாத்திரைகளையோ மெட்ஃபார்மினையோ அளிப்பார்.

நம் நாட்டில் நீரிழிவுக்கான பொதுப் பரிசோதனை 30 வயதில் தொடங்குகிறது. இக்கோளாறோ வளரிளம் பருவத்திலேயே வேர்விடுகிறது. இவ்விடைவெளியில் பத்தாண்டுகளுக்கு மேல் வீணாகின்றன. 10 முதல் 19 வயதினருக்கென 2014-இல் தொடங்கப்பட்ட தேசிய வளரிளம் பருவத்தினர் நலத்திட்டத்தின் மருத்துவ மையங்கள் இதனை நிரப்ப இயலும். மாதவிடாய் ஒழுங்கின்மையுடன் வரும் பெண்ணின் எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றை அங்கேயே குறித்து வைப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது. பின்னாளைய நீரிழிவுச் சிகிச்சையின் செலவே பெரிது.