புகையின் நிறம் என்ன?

பெங்களூரில் ஜே.சி. சாலை இருக்கிறது. அங்கே வரிசையாகக் கார் உதிரிபாகக் கடைகள். பழைய காரின் சாமானைத் தேடிப் பலர் அங்கே போவார்கள். மாருதி 800 வைத்திருப்பவரும் போவார். அந்தக் கார் 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்றுவிட்டது.

பழைய கார் ஒருநாள் நடுங்கும். மேட்டில் இழுக்காது. பின்னால் புகை வரும். "இன்ஜினை இறக்கணும்" என்று மெக்கானிக் சொல்வார். இறக்கினால் பெரிய செலவு. உடனே தலையாட்டாதீர்கள். முதலில் புகையைப் பாருங்கள்.

கறுப்புப் புகையா? பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. விறகடுப்பிலும் காற்று போதாவிட்டால் இப்படித்தான். ஏர் பில்டரைக் கழற்றிப் பாருங்கள். தூசி அடைத்திருந்தால் மாற்றுங்கள். சோக் மாட்டிக்கொண்டும் இருக்கலாம். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கே காற்றின் அடர்த்தி குறைவு. சென்னையில் சரிசெய்த கார்புரேட்டர் இங்கே பெட்ரோலைச் சற்று அதிகமாகக் கலக்கும்.

வெள்ளைப் புகையா? குளிர்காலக் காலையில் கொஞ்ச நேரம் வந்தால் அது வெறும் நீராவி. பயம் வேண்டாம். இன்ஜின் சூடான பிறகும் நிற்கவில்லையா? ரேடியேட்டரில் தண்ணீரும் குறைகிறதா? ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். ஆயில் பால் கலந்த காபி போல் மாறியிருந்தால் காரை ஓட்டாதீர்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எப்போது வருகிறது என்று கவனியுங்கள். நிறுத்தி வைத்த காரை ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் வந்து நின்றுவிட்டால், வால்வு சீல் தேய்ந்திருக்கலாம். அது சிறிய வேலை. மேடு ஏறும்போது விடாமல் வந்தால் பிஸ்டன் ரிங் மீது சந்தேகம் வரும்.

இனி நடுக்கத்துக்கு வருவோம். மாருதி 800க்கு மூன்று சிலிண்டர்கள். ஒன்று படுத்தால் மூட்டையை மூவருக்குப் பதில் இருவர் சுமப்பது போல. ஒவ்வொரு சிலிண்டரின் பிளக்கையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வெளிர் பழுப்பு நிறம் நல்லது. காய்ந்த கரி இருந்தால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஆயில் உள்ளே வருகிறது. சந்தேகமான பிளக்கை வேறு சிலிண்டரில் மாட்டுங்கள். கோளாறும் அங்கே போனால் பிளக்தான் குற்றவாளி. பிளக்கின் விலை குறைவு. இன்ஜின் ஓடும்போது மட்டும் பிளக் வயரைத் தொடாதீர்கள். பல ஆயிரம் வோல்ட் பாயும்.

பிளக்கும் வயரும் சரியா? அப்படியானால் கம்ப்ரஷன் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். ஒரு சிலிண்டரில் அழுத்தம் குறைந்தால், பிளக் துளையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்கட்டும். அழுத்தம் கூடினால் ரிங் தேய்மானம். கூடாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். கருவி காட்டும் எண்ணை நீங்களே படித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

சோதனைகளைத் திறந்த வெளியில் செய்யுங்கள். மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓட விடாதீர்கள். புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆளைக் கொன்றுவிடும்.

பயிற்சி: காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு காரில் நீலப் புகை வருகிறது. சிறிது நேரத்தில் நின்றுவிடுகிறது. மெக்கானிக்கிடம் என்ன கேட்பீர்கள்? எழுதுங்கள்.