காற்றை முதலில் வரைக: யுரேனியச் சுரங்க விரிவாக்கம் குறித்து இளம் பொறியாளருக்கு ஒரு மடல்



ஜார்க்கண்டின் சிங்பும் தாதுப் பட்டையிலுள்ள நிலத்தடி யுரேனியச் சுரங்கம் ஒன்றை மேலும் இரண்டு மட்டங்கள் ஆழப்படுத்தி, அதன் அன்றாட உற்பத்தியை இருமடங்காக்குவதற்கென வரையப்பட்ட திட்ட அறிக்கை, அதை எழுதிய இளம் பொறியாளரின் வேண்டுகோளுக்கிணங்க முழுவதும் படிக்கப்பட்டது. தாதுக் கையிருப்பு, வெட்டும் முறை, தாதுவை மேலேற்றும் பொறியமைப்பு ஆகிய இயல்கள் தொழில் தெரிந்த கையால் எழுதப்பட்டவை. அவற்றைப் பற்றி இங்கே பேச வேண்டியதில்லை. ஆனால், இத்தனை தடித்த அறிக்கையில் காற்றோட்டம் நான்காம் பின்னிணைப்பில், ஒன்றரைப் பக்கத்தில், ஓர் அட்டவணையோடு முடிந்துபோவதைப் பேசாமல் விட முடியாது.

அவ்வட்டவணை, ஒரு ஷிப்டில் இறங்கும் ஆட்களின் எண்ணிக்கையையும் டீசல் வண்டிகளின் குதிரைத்திறனையும் கொண்டு தேவையான காற்றைக் கணக்கிட்டு, உற்பத்தி இருமடங்காவதால் காற்றும் இருமடங்கானால் போதும் என்று முடிக்கிறது. செம்புச் சுரங்கத்துக்கு இக்கணக்கு ஒருவாறு பொருந்தும். யுரேனியத் தாதுவிலோ, அதனுள் இருக்கும் ரேடியம் சிதையச் சிதைய ரேடான் என்னும் நிறமும் மணமும் அற்ற வாயு ஓயாமல் கசிகிறது. மூச்சோடு உட்செல்லும் ரேடானில் பெரும்பகுதி மூச்சோடே வெளியேறிவிடும்; நுரையீரலைக் கெடுப்பவை அதிலிருந்து பிறக்கும் பொலோனியம், ஈயம், பிஸ்மத் ஆகியவற்றின் குறுவாழ்வு வடிவங்களே. சேய்த் தனிமங்கள் எனப்படும் இவை திடப்பொருள்கள் ஆதலால் தூசியில் ஒட்டிக்கொண்டு மூச்சுக்குழாயின் சுவரில் படிகின்றன. இவை காற்றில் சேர்வதற்குச் சிறிது நேரம் பிடிக்கும் என்பதால், உள்ளே நுழைந்த காற்று எத்தனை நிமிடம் சுரங்கத்தில் தங்கியது என்பது, எவ்வளவு காற்று நுழைந்தது என்பதற்கு நிகரான கேள்வியாகிறது; இதையே காற்றின் வயது என்பர். வயது இருமடங்கானால் சேய்த் தனிமங்களின் செறிவு ஏறத்தாழ மூன்றரை மடங்காகிறது, ஏனெனில் அந்த நேரத்தில் ரேடானும் கூடுகிறது, அதன் சேய்களும் பெருகுகின்றன. அறிக்கையில் காற்றின் வயது என்ற தொடர் ஓரிடத்திலும் இல்லை.

இருமடங்கு உற்பத்திக்கு இருமடங்கு காற்று என்ற கணக்கின் அடிப்படையே தவறானது. கசியும் ரேடானின் அளவு அன்று வெட்டிய டன் கணக்கோடு நிற்பதில்லை; சுரங்கம் தொடங்கிய நாள் முதல் திறந்துவிடப்பட்ட பாறைப் பரப்பு முழுவதையும் அது சார்ந்திருக்கிறது. ஸ்டோப் எனப்படும் தாது வெட்டும் அறை, வேலை ஓய்ந்து ஆட்கள் வெளியேறிய பின்னும் ரேடானை விட்டுக்கொண்டே இருக்கும். ரேடியத்தின் அரைவாழ்வு, அதாவது அதன் அணுக்களில் பாதி சிதைவதற்கு ஆகும் காலம், 1600 ஆண்டு. அதே பட்டையிலுள்ள ஜாதுகுடாச் சுரங்கத்தில் வழக்கமாக இருந்ததுபோல் ஆலைக்கழிவின் பருமணலைக் கொண்டு அவ்வறையை நிரப்பினாலும் கசிவு அற்றுப்போகாது, ஏனெனில் ஆலை யுரேனியத்தை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டு ரேடியத்தை மணலிலேயே விட்டுவிடுகிறது. தாதுவின் தரம் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாதலால் ரேடான் பற்றிய அச்சம் மிகை என்று அறிக்கை ஓரிடத்தில் ஆறுதல் கூறுகிறது. தரம் குறைந்திருப்பதால்தான் ஒரு கிலோ யுரேனியத்துக்கு அத்தனை பாறையைத் திறக்க வேண்டியிருக்கிறது என்பதை இளம் பொறியாளர் எண்ணிப் பார்த்திருக்கலாம்.

இனி, அந்த இருமடங்கு காற்றைத்தான் எப்படிக் கொண்டுவருவது? இருக்கும் வழியிலேயே காற்றை இருமடங்காக்க வேண்டுமானால் ஃபேனின் மின்திறன் எட்டு மடங்காக வேண்டும். இது காற்றோட்டவியலின் முதல் பாடங்களுள் ஒன்று. ஆகவே புதிய திரும்புகாற்றுக் குழி, அதாவது உழைத்த காற்று மேலேறி வெளியேறுவதற்கான தனி ஷாஃப்ட், தேவை. ஜாதுகுடாவில் 640 மீட்டர் முதன்மை ஷாஃப்டோடு நில்லாமல், நிலத்தடியிலிருந்தே உட்குழி ஒன்றைத் தோண்டி 905 மீட்டர் வரை இறங்கினர். இவ்வாறு இறங்கும் ஒவ்வொரு மட்டமும் காற்று நடக்க வேண்டிய தொலைவைக் கூட்டுகிறது. அறிக்கையோ தாது ஏற்றும் பொறியை இரண்டாம் ஆண்டிலும், திரும்புகாற்றுக் குழியை ஏழாம் ஆண்டில் ‘நிதி நிலைமைக்கு ஏற்ப’ என்ற குறிப்போடும் வைத்திருக்கிறது. இடைப்பட்ட ஐந்தாண்டில், மேல்மட்டத்து ஆட்கள் மூச்சுவிட்ட காற்றையே கீழ்மட்டத்து ஆட்களும் மூச்சுவிடுவர்.

இரண்டாவது குறை ‘சராசரி’. அறிக்கை, தொழிலாளர்கள் பெறும் கதிர்வீச்சு ஏற்பளவின் ஆண்டுச் சராசரியை மட்டும் கொடுத்து, இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் விதித்துள்ள வரம்புக்குள், அதாவது ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30 மில்லிசீவர்ட் என்ற எல்லைக்குள், அது அடங்குவதாக மகிழ்கிறது. அவ்வரம்பு தனி ஒருவருக்கு உரியது. பண்டகசாலை எழுத்தரையும், முட்டுச்சந்தாக மேல்நோக்கிக் குடையும் ரெய்ஸில் துளையிடுபவரையும் ஒரே கணக்கில் போட்டு வகுத்தால் கிடைக்கும் எண், இருவரில் எவருடைய நுரையீரலையும் குறிக்காது. இந்த ஆபத்து புதிதன்று: ஜெர்மனியில் சாக்சனியின் ஷ்னீபெர்க் சுரங்கத்தாரைப் பிடித்த நோய் நுரையீரல் புற்று என்று ஹெர்ட்டிங், ஹெஸ்ஸ என்னும் இரு மருத்துவர்கள் 1879இல் எழுதிவைத்தனர். இருந்தும் அமெரிக்காவில் யுரேனியச் சுரங்கக் காற்றுக்கு இறுக்கமான கூட்டரசு வரம்பு வருவதற்கு 1971 ஆயிற்று. கனடாவின் எலியட் லேக் யுரேனியச் சுரங்கத்தார் 1974இல் நடத்திய வேலைநிறுத்தமும், அதன் விளைவாக அமைந்து 1976இல் அறிக்கை தந்த ஹாம் ஆணையமும், தம் உடல் பற்றிய கணக்கைத் தொழிலாளர்கள் தாமே அறிய வேண்டும் என்பதை நிலைநாட்டின. ஆகவே, சராசரிக்குப் பதில் அறிக்கையில் இருக்க வேண்டியது மிகமோசமான பத்துப் பணியிடங்களின் பட்டியல்.

இவ்வளவு கடுமை எதற்கு என்று பொறியாளர் நினைக்கக்கூடும். இம்மடலாசிரியர் தொழில் பழகிய ஒரு சுரங்கத்தில், மேட் எனப்படும் குழுத்தலைவர் ஒருவர், எந்த முட்டுச்சந்துக்குள்ளும் ஆட்களை அனுப்புமுன் தரையிலிருந்து பாறைத்தூளை ஒரு சிட்டிகை எடுத்துத் தலைவிளக்கின் ஒளியில் மெல்ல உதிர்ப்பது வழக்கம். ஒருமுறை அத்தூள், முட்டுச்சந்திலிருந்து வெளிவந்து பெருவழியில் கலந்து போக வேண்டியது, துணை ஃபேனின் வாயை நோக்கி வளைந்து திரும்பியது. அந்த ஃபேன் முட்டுச்சந்து வாயிலுக்கு மேல்காற்றுப் பக்கம் பொருத்தப்பட வேண்டியது. கேபிள் எட்டவில்லை என்று யாரோ கீழ்காற்றுப் பக்கம் வைத்திருந்தனர். பழைய காற்றே சுற்றிச் சுற்றி உள்ளே போய்க்கொண்டிருந்தது. பதிவேட்டில் காற்றின் அளவு வரம்புக்குக் குறையாமல் இருந்தது, வயதை அளக்கும் பத்தி அதில் இல்லை. மேட் ஆட்களை வெளியே உட்காரவைத்துவிட்டு, கேபிள் வந்த பிறகே வேலையைத் தொடங்கினார். அன்றைய உற்பத்திக் குறைவுக்காக அவர் எழுத்தில் விளக்கம் தர நேர்ந்தது. பள்ளிப் படிப்பு முடிக்காத அம்மனிதருக்கு இருந்த காற்றுணர்வு, இவ்வறிக்கையின் நான்காம் பின்னிணைப்பில் இல்லை.

இதே கை நீர்வரத்து பற்றிய ஆறாம் இயலையும் எழுதியிருப்பது வியப்பு. அதில் மிகை ஒரு சொல்லும் இல்லை. சுரங்கக் கல்லூரிகளில் பாடமாக வைக்கத்தக்கது. கனடாவின் சிகார் லேக்கில் 2006 அக்டோபரில் பாறை சரிந்து, நீர் நிறைந்த மணற்கல்லின் வெள்ளம் புகுந்து, கட்டுமானத்திலிருந்த சுரங்கம் முழுதும் மூழ்கியது. நீரை இறைத்து முடிக்க 2010 ஆயிற்று, முதல் தாது 2014இல்தான் வெளிவந்தது. அதே நாட்டின் மக்ஆர்தர் ரிவர் யுரேனியச் சுரங்கத்தில் 2003இல் நீர் புகுந்தபோது மூன்று மாதத்தில் உற்பத்தி மீண்டது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து, புதிய வழி குடைவதற்கு முன்பே எதிர்பாரா வெள்ளத்துக்கான பம்புகள் நிறுவப்பட்டிருக்க வேண்டும் என்ற முடிவுக்குப் பொறியாளர் வரும் விதம் அருமை. சிங்பும் பாறை அத்தகைய மணற்கல் அன்று என்பதையும் அவர் மறைக்கவில்லை. நீருக்குக் காட்டிய அந்த முன்யோசனையைக் காற்றுக்கும் காட்டியிருந்தால் இம்மடலுக்கே இடமிருந்திராது.

கழிவுக்குளம் பற்றி ஒரு சொல். நுண்கழிவு நிலத்தடிக்குத் திரும்பாமல் குளத்துக்கே போவதால், உற்பத்தி இருமடங்கானால் குளம் பாதிக் காலத்தில் நிறையும். அடுத்த குளத்துக்கான நிலம் எது, அங்கே இன்று குடியிருப்பவர் யார் என்பதை அறிக்கை சொல்லியாக வேண்டும்.

ஆகவே, காற்றோட்டத்தைப் பின்னிணைப்பிலிருந்து எடுத்து முதல் இயலாக்குக. திரும்புகாற்றுக் குழியை முதல் ஆண்டுக்குக் கொண்டுவருக. ஒவ்வொரு பணியிடத்துக்கும் காற்றின் வயதைக் கணக்கிட்டு அட்டவணையாக்குக. அந்தக் காற்று தாங்கும் அளவுக்கே உற்பத்தியை நிர்ணயிக்க. இருமடங்கு என்பது ஒன்றரை மடங்காகக் குறையலாம், குறையட்டும். திருத்திய அறிக்கை வரும்வரை இதற்குப் பரிந்துரைக் கையொப்பம் இடப்படாது.