காகிதத்தில் விழுந்த கறை

அன்புள்ள குழந்தாய்,

சென்ற வாரம் நீ கொடுத்தனுப்பிய டப்பாவைத் திறந்து, பேரீச்சையும் பாதாமும் நிலக்கடலையும் சேர்த்து நீ வில்லை போட்டிருந்த அந்தப் பண்டத்தில் இரண்டைத் தின்று, மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டுதான் இக்கடிதத்தை எழுதத் தொடங்கினேன். ருசிக்குக் குறைவில்லை. ஆனால் அந்தத் துண்டு, முதற்பக்கம் நிரம்புவதற்குள் விரலோடு ஒட்டிக்கொண்டு, காகிதத்தின் ஓரத்தில் பிசுபிசுவென்று ஒரு கறையையும் வைத்துவிட்டது. இத்தகைய பண்டம் செய்யும் காரியத்தில் இறங்கியிருக்கும் வேறு சிலருக்கும் உபயோகப்படலாம் என்று எண்ணி, அந்தக் கறையைப் பற்றியே பகிரங்கமாக எழுதுகிறேன்.

நீங்கள் இப்போது 'எனர்ஜி பார்' என்று நாமகரணம் செய்திருக்கும் இதற்கு நம் நாட்டில் மூத்த சகோதரி ஒருத்தி உண்டு. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாயைச் சொன்னாலே அவளுடைய கீர்த்தி விளங்கும். மூத்தவளை வெல்லப்பாகு பிணைக்கிறது, இளையவளைப் பேரீச்சம்பழம் பிணைக்கிறது. இருவருக்கும் சத்துரு ஒன்றே, அது ஈரம்.

ஆகையால் சாமான் வாங்கும்போதே உன் ஜாக்கிரதை ஆரம்பமாக வேண்டும். நம் பெங்களூர்ப் பசவனகுடியில் கன்னடக் கார்த்திக மாதக் கடைசிச் சோமவாரத்தில் கூடும் கடலைக்காய்ப் பரிஷே என்னும் கடலைச் சந்தைக்கு நீ போயிருப்பாய். பயிரை மேய்ந்து அழித்த காளைக்கே குடியானவர்கள் கோயில் எடுத்து முதல் விளைச்சலைப் படைக்கலானார்கள் என்பது ஐதிகம். கோயிலைக் கட்டியவர் கெம்பே கௌடர் என்கிறார்கள். கடலையோ தென் அமெரிக்காவிலிருந்து சமுத்திரம் தாண்டி வந்த சரக்கு. இரண்டையும் பக்கத்தில் நிறுத்திக் காலக்கணக்குக் கேட்பது ரசனையற்ற செயல் என்று விட்டுவிடுகிறேன். அங்கே தோலோடு குவிந்திருக்கும் பச்சைக் கடலை வேகவைத்துத் தின்பதற்கு அமிர்தம். உன் வில்லைக்கோ நன்றாகக் காய்ந்த பருப்புத்தான் ஆகும். பூசணம் தட்டியதையும் சுருங்கிக் கறுத்ததையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்துவிடு. பூஞ்சையின் விஷம் வறுப்பதனால் முழுதும் போவதில்லை. பாதாம் நிதானமாக வறுபடும், முந்திரியோ கண்ணை எடுத்த க்ஷணத்தில் கருகிவிடும். ஆதலால் எல்லாவற்றையும் ஒரே வாணலியில் கொட்டிக் கிளறும் சோம்பேறித்தனம் கூடாது.

பேரீச்சையை வெந்நீரில் ஊறவைத்து அரைக்கும் சுலப வழியை நீ கைக்கொண்டிருக்கிறாய் என்பதை அந்தக் கறை காட்டிக்கொடுத்துவிட்டது. நானும் அதைச் செய்தவன்தான். சூரியனையே காணாத ஓர் ஆடி மாதச் சாரலில், இரண்டு டப்பா நிறையச் செய்து, ஒன்றை மைத்துனர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மற்றொன்றை ஆறாம் நாள் திறந்தபோது, மூலையிலிருந்த துண்டின்மேல் பஞ்சுபோல் வெண்பூசணம் பூத்திருந்தது. மைத்துனர் நாகரிகமானவர், இன்றுவரை அதைப்பற்றிப் பேசியதில்லை.

கால் கிலோ பழத்துக்கு அதே எடைப் பருப்பு என்று வைத்துக்கொள். கொட்டை நீக்கிய பழத்தை, சொட்டுத் தண்ணீரும் விடாமல் மிக்ஸியில் விட்டுவிட்டு அரைத்து, ஒரு கரண்டி நெய்யில் இட்டு, சட்டியில் ஒட்டாமல் சுருண்டு திரளும்வரை சிறு தீயில் கிளறினால், பழத்தோடு வந்த ஈரத்திலும் ஒரு பங்கு ஆவியாகிவிடும். பழம் முரடாக இருந்தால், கிளறுவதற்கு முன் இட்லிப் பானையில் ஐந்து நிமிஷம் வைத்தால் இளகும். பருப்பைக் கலந்து, நெய் தடவிய தட்டில் டம்ளரின் அடியால் அழுத்தி, முழுவதும் ஆறிய பிறகே துண்டு போட்டு மூடு. சூட்டோடு மூடினால் மூடியின் உட்புறம் வியர்த்து, அந்தத் துளிகள் உன் பிரயாசை அத்தனையையும் வீணாக்கிவிடும்.

வெல்லப்பாகிலும் கைவைக்க உனக்கு ஆசை வரும். பாகின் சூடு என்பதே அதில் எஞ்சியிருக்கும் நீரின் கணக்குத்தான். நீர் குறையக் குறையச் சூடு ஏறும். புத்தகத்தில் 150 டிகிரி என்று கண்டு வெப்பமானியை நம்பி உட்கார்ந்துவிடாதே. நம் பெங்களூர் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் மேலே இருப்பதால், இங்கே தண்ணீரே சுமார் 97 டிகிரியில் கொதித்துவிடுகிறது. பாகும் அதே மூன்று டிகிரி முன்னதாகவே பதத்தை எட்டிவிடும். மேலும் காய்ச்சினால் கசக்கும். வெப்பமானியைவிடக் கிண்ணத்துத் தண்ணீர் மேல். அதில் பாகை ஒரு சொட்டு விட்டு எடுத்துத் தட்டில் போட்டால் 'ணங்'கென்று விழ வேண்டும், ஒடித்தால் கண்ணாடிபோல் முறிய வேண்டும். வளைந்தால், இன்னும் ஈரம் இருக்கிறது.

மற்றொரு விஷயம். டப்பாவின்மேல் 'சர்க்கரை இல்லாதது' என்று அழகாக எழுதியிருந்தாய். காய்ந்த பேரீச்சையின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரைதான், குழந்தாய். 'சர்க்கரை சேர்க்கவில்லை' என்று வேண்டுமானால் எழுது, அது வாஸ்தவம். முன்னதை எழுதினால், நீரிழிவுக்காரனான நான் செய்ததுபோலவே, பிறரும் அதைச் சாக்காக வைத்து இரண்டு தின்றுவிட்டு மூன்றாவதைக் கையில் எடுப்பார்கள். நிலக்கடலை இருப்பதையும் தெளிவாகக் குறிப்பிடு. சிலர் உடம்புக்கு அது கொஞ்சமும் ஆகாது.

அடுத்த தடவை எனக்கு இரண்டே துண்டு போதும். ஒன்றைச் செய்த மறுநாளே அனுப்பு. மற்றொன்றை உன் அலமாரியில் பத்து நாள் வைத்திருந்து பிறகு அனுப்பு. வெள்ளைக் காகிதத்தின்மேல் வைத்துப் பார்த்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

ஆசீர்வாதத்துடன்,
உன் பெரியப்பா