ஆங்கில இலக்கணம்: எந்தத் தேர்வு எதைக் காட்டும்?

புதுச்சேரி, காரைக்கால் அரசுப் பள்ளிகளின் உயர் வகுப்புகள் 2023-24இல் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலிருந்து சி.பி.எஸ்.இ.க்கு மாறத் தொடங்கின. 2025இல் மாணவர்கள் முதன்முறையாக அந்த வாரியத்தின் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதினார்கள். முன்பு செய்வினையைச் செயப்பாட்டுவினையாக்கு, நேர்கூற்றை அயற்கூற்றாக்கு என்று தனி வாக்கியங்களை மாற்றச் சொன்னார்கள். இப்போது கோடிட்ட இடம், பிழைதிருத்தம், அயற்கூற்று என்று ஒரு மதிப்பெண் கேள்விகள் 12. அவற்றில் 10க்கு விடை எழுதினால் போதும். வகுப்பில் ஆசிரியர் தாமே வைக்கும் தேர்வும் இதே அச்சில் அமைந்துவிடுகிறது. அங்கே வேறு தேர்வுமுறை வேண்டும் என்பது என் வாதம். விதி தெரிந்திருப்பது ஒன்று, எழுதும்போது அது கைக்கு வருவது வேறொன்று. கோடிட்ட இடம் முதலாவதைத்தான் அளக்கிறது.

இதற்கான சான்று பக்கத்திலேயே இருக்கிறது. 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு பெங்களூரிலும் சென்னையிலும் கடலூரிலும் இலக்கண விதிகளைப் போதிக்காமல், செயல்களின் வழியே ஆங்கிலம் கற்பித்துப் பார்த்தார். அந்த வகுப்புகளை ஆலன் பெரட்டாவும் ஆலன் டேவிஸும் மதிப்பிட்டு 1985இல் கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் ஒரே வகைத் தேர்வை நம்பவில்லை. தனி வாக்கியக் கேள்விகளில் வழக்கமான முறையில் படித்தவர்கள் பொதுவாக முந்தினார்கள். செயல்வழித் தேர்வில் பிரபுவின் மாணவர்கள் முந்தினார்கள். எந்தத் தரப்புக்கும் சாயாத டிக்டேஷன், சூழலோடு கேட்ட இலக்கணம் போன்றவற்றிலும் பல இடங்களில் அவர்கள் பக்கமே தட்டு தாழ்ந்தது. தேர்வின் வகை மாறினால் கெட்டிக்காரர் யார் என்பதும் மாறிவிடும். நமக்குத் தேவையான பாடம் இதுதான்.

ஆகவே நோக்கத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆண்டுத் தொடக்கத்தில் யாருக்கு எந்த டென்ஸ் தெரியவில்லை என்று அறியக் கோடிட்ட இடம் போதும், விரைவாகத் திருத்தலாம். பிழைதிருத்தம் அதைவிட மேல், ஆனால் அச்சிட்ட பத்தியில் வரிக்கு ஒரு பிழை என்று வைத்தால் மாணவர் ஊகித்துவிடுவார். பிழை எத்தனை, எங்கே என்று சொல்லாமல் வகுப்பு மாணவர்களின் எழுத்திலிருந்தே பத்தி அமைக்கலாம். பழைய பிரெஞ்சுப் பள்ளி மரபால் புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் டிக்டேஷன் புதிதல்ல. பிரெஞ்சில் காதில் விழாத விகுதிகளையும் எழுத வேண்டியிருப்பதால் அது இலக்கணத் தேர்வாகவே ஆகிவிடும். ஆங்கிலத்தில் அப்படி ஆவதில்லை. சொல் சொல்லாகச் சொன்னால் எழுத்துக்கூட்டல்தான் சோதிக்கப்படும். ரூத் வைன்ரிப் 1990இல் நூலாக விளக்கிய முறை வேறு: சிறு பத்தியை இயல்பான வேகத்தில் இருமுறை வாசிக்க வேண்டும், மாணவர்கள் குறிப்பெடுத்து, தங்கள் வாக்கியங்களில் அதை மீட்டெழுத வேண்டும். தமிழில் ஆர்ட்டிகிள் இல்லாததால் நம் பிள்ளைகள் விட்டுவிடும் ‘எ’, ‘தி’, காதில் தேய்ந்து ஒலிக்கும் இறந்தகால விகுதி எல்லாம் அங்கே வெளிப்பட்டுவிடும். ஒன்றை மட்டுமே வைக்க முடியும் என்றால் நான் இதையே தேர்வேன்.

இப்படி மாணவர்கள் தாமே எழுதுவதைத் திருத்த நேரம் ஏது, மதிப்பெண்ணும் ஆளுக்கு ஆள் மாறுமே என்பார்கள். இரண்டும் உண்மையான சிக்கல்கள். ஒரு கட்டுரையில் இரண்டு கூறுகளை மட்டும், உதாரணமாக இறந்தகாலத்தையும் எழுவாய்-பயனிலை இயைபையும், எண்ணித் திருத்தினால் வேலை பாதியாகும், தீர்ப்பும் ஒருசீராகும். பொதுத்தேர்வு கோடிட்ட இடத்தைத்தானே கேட்கிறது என்பது அடுத்த கேள்வி. எழுத்துத்தேர்வின் 80 மதிப்பெண்ணில் இலக்கணத்துக்கு 10. கடிதம் போன்ற எழுத்துக்கு இன்னொரு 10, இலக்கியத்துக்கு 40. அங்கே பெரும்பாலும் மாணவரே வாக்கியம் அமைக்க வேண்டும். வாரியத்தின் கேள்வி வடிவத்துக்குப் பழக, கடைசி மாதங்களில் மாதிரி வினாத்தாள்களை எழுதிப் பார்த்தால் போதும்.