ஒரே ஆளா, இரண்டு ஆளா?
(இணையச் சண்டைகள் பற்றி ஒரு சிறு பாடம்)

இறுதியாண்டு, கணினிப் பொறியியல் பிரிவு



ஐ.பி. முகவரி என்றால் 32 பிட் என்று எழுதி மார்க் வாங்கிவிடுகிறோம். அந்த 32 பிட்டை வைத்துக்கொண்டு ஒருவரைப் பார்த்து "நீ போலி" என்று சொல்லிவிடலாமா? இந்தக் கேள்வி எந்தத் தேர்விலும் வருவதில்லை. ஆனால் இணையத்தில் நாலு பேர் கூடும் இடத்திலெல்லாம் வருகிறது. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

சண்டை எதற்கு?

2001இல் தொடங்கிய விக்கிப்பீடியாவை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். அதனால் சண்டைக்கும் பஞ்சமில்லை! ஆங்கில விக்கிப்பீடியாவில் தயிர் பற்றிய கட்டுரையின் தலைப்பில் 'எச்' என்ற எழுத்து வேண்டுமா, வேண்டாமா என்று பல ஆண்டுகள் வாதம் நடந்தது. 2011இல்தான் 'எச்' இல்லாமல் எழுதுவது என்று முடிவானது. 2013இல் வந்த 'ஸ்டார் டிரெக் இன்டு டார்க்னஸ்' என்ற படத்தின் பெயரில் 'இன்டு' என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்குவதா, சிறிய எழுத்திலா என்று 40,000 சொற்களுக்கு மேல் விவாதித்தார்கள். கடைசியில் பெரிய எழுத்து ஜெயித்தது.

சிரிப்பு வருகிறதல்லவா? இதற்கும் ஒரு காரணம் உண்டு. பார்க்கின்சன் என்ற ஆங்கில அறிஞர் 1957இல் வெளிவந்த தம் நூலில் ஒரு கமிட்டியைக் காட்டுகிறார். அணு உலைக்கு அவர்கள் சீக்கிரமே தலையாட்டிவிடுகிறார்கள். சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்கு மட்டும் நீண்ட நேரம் விவாதம்! அணு உலை யாருக்கும் புரியாது. கொட்டகையைப் பற்றியோ எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் இருக்கும். ஆக, விஷயம் சின்னதாக ஆக ஆக, பேச வருகிற கூட்டம் பெரிதாகிறது.

வாதத்தில் சரக்கு தீர்ந்ததும் வருவது அடுத்த ஆயுதம்: "உனக்கு ஆதரவா பேசுறவனும் நீயும் ஒரே ஆளுதான்!"

போலி உண்டா?

உண்டு, சந்தேகமே வேண்டாம். ஒரே ஆள் பல பெயரில் வந்து தனக்குத்தானே ஆதரவு தேடுவதைக் 'கைப்பாவை' என்பார்கள். 2015இல் ஆங்கில விக்கிப்பீடியா இப்படி 381 கணக்குகளை ஒரே சமயத்தில் தடை செய்தது. ஏற்கனவே நிராகரிக்கப்பட்ட கட்டுரைகளைத் தேடிப்பிடித்து, "பணம் கொடுங்கள், வெளியிடுகிறோம்" என்று சம்பந்தப்பட்டவர்களிடம் பேரம் பேசிய கும்பல் அது. எனவே போலியைப் பிடிப்பது தேவையான வேலைதான். எப்படிப் பிடிப்பது என்பதில்தான் பொறியியல் இருக்கிறது.

முகவரி என்ன சொல்லும்?

32 பிட் என்றால் மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள். உலகத்திலுள்ள கருவிகளுக்கு இது போதாது. அதனால் 'நாட்' என்ற முறையில் ஒரே வெளி முகவரியைப் பல கருவிகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. உள்ளே எந்தக் கருவி என்பதை ரவுட்டர் போர்ட் எண்ணை வைத்துப் பிரித்துக்கொள்ளும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது ஒரே முகவரி. விடுதியில் 200 பேர் ஒரே வைஃபையில் இருந்தால், 200 பேரும் ஒரே ஆள் மாதிரிதான் தெரிவார்கள்!

2007 புத்தாண்டையொட்டி நடந்ததைக் கேளுங்கள். விஷமம் செய்த ஒரு முகவரியை விக்கிப்பீடியா தடுத்தது. அது கத்தார் நாட்டில் கிட்டத்தட்ட எல்லோரும் பகிர்ந்துகொண்ட முகவரி. விளைவு? பெயர் பதியாமல் எழுதும் வாய்ப்பு ஒரு நாட்டுக்கே போயிற்று! விஷயம் தெரிந்ததும் தடை விலக்கப்பட்டது.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஒரே ஆள் வைஃபையில் ஒரு முகவரி, செல்போன் டேட்டாவில் வேறு முகவரி. ஆக, முகவரி காட்டுவது இணைப்பை, ஆளை அல்ல.

ஒரு சின்னக் கணக்கு

பேப்பர், பேனா எடுங்கள். ஒரு குழுவில் 1,000 பேர். அதில் 10 பேர் போலி என்று வைத்துக்கொள்வோம். நம் சோதனை போலிகளில் 10க்கு 9 பேரைப் பிடித்துவிடும். நல்லவர்களில் 100க்கு 5 பேரை மட்டும் தவறாகக் காட்டும். நல்ல சோதனைதானே?

பிடிபட்ட போலிகள் 9. தவறாக மாட்டிய நல்லவர்கள் 990இல் 5 சதவீதம், அதாவது சுமார் 50. மொத்தம் 59 பேர் மாட்ட, 50 பேர் நிரபராதிகள்! ஆறு பேரில் ஐந்து பேர் ஒன்றும் செய்யாதவர்கள். சோதனை மோசம் என்பதல்ல. போலிகள் எண்ணிக்கையில் குறைவு, எல்லோரையும் சல்லடை போட்டோம், அவ்வளவுதான்.

அந்த 50 பேரில் ஒருவராக நம்மை நினைத்துப் பார்ப்போம். "நான் அவன் இல்லை" என்பதை எப்படி நிரூபிப்பது? முகம் தெரியாதவர்களிடம் அடையாள அட்டையைக் காட்டவா முடியும்? புதிதாக, ஆசையாக எழுத வந்தவர் ஒரு வார்த்தையில் மனம் நொந்து போய்விடுவார். பிறகு திரும்பி வரவே மாட்டார். நஷ்டம் யாருக்கு?

சரியான முறை

1. இரண்டு பெயர் வைத்திருப்பது மட்டும் குற்றமல்ல. விக்கிப்பீடியாவில் வெளிப்படையாக அறிவித்த இரண்டாம் கணக்குக்கு இடமுண்டு. ஒரே ஆள் இரண்டு ஆளாக நடித்து ஏமாற்றுவதுதான் குற்றம்.

2. முகவரியைப் பார்க்கும் அதிகாரம் அங்கே வெகு சிலருக்கே உண்டு. அவர்கள் பார்த்ததும் பதிவாகும். காரணமில்லாமல் வலை வீசித் தேடக்கூடாது என்பது விதி.

3. முகவரியை மட்டும் நம்பாமல், எழுதும் நேரம், சொல் பழக்கம், திரும்பத் திரும்ப வரும் ஒரே பிழை எனப் பல சாட்சிகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

4. சந்தேகம் வந்தால் பொறுப்பாளரிடம் தனியாகச் சொல்லுங்கள். கூட்டத்தில் கூவாதீர்கள்.

5. எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். தயிருக்கு 'எச்' வேண்டும் என்பவர் ஒருவரா இருவரா என்பதால் எழுத்து மாறிவிடாது. ஓட்டு எண்ணும்போதுதான் தலைக்கணக்கு முக்கியம். காரணத்தை எடைபோட அது தேவையில்லை.

நண்பர்களே! வயரில் சப்ளை இருக்கிறதா என்று டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் நாம் கை வைப்பதில்லை. ஒரு மனிதர்மேல் பழி போடும்போதும் அந்த நிதானம் இருக்கட்டும். அடுத்த முறை குழுவில் "நீ ஃபேக் ஐடி" என்று டைப் செய்யக் கை பரபரத்தால், அந்த 59இல் 50ஐ ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்!