லெசோத்தோ மலையில் நான் கற்ற முதற்பாடம்

அயல்நாட்டுத் தொண்டுக்குப் புறப்படுகிறவன் பெட்டியில் எவற்றை எடுத்துச் செல்ல வேண்டும் என்று மாணவர்கள் என்னைக் கேட்பதுண்டு. கம்பளி உடை, மருந்து, கைவிளக்கு என்று பட்டியல் சொல்லிவிடலாம். ஆனால் பெட்டியில் அடங்காத ஒன்றும் உண்டு. அது இல்லாமல் ஐந்து மாதம் நான் பட்ட பாட்டையே இங்கு எழுதுகிறேன்.

இக்கல்லூரியில் கணிதம் பயின்று, சில ஆண்டுகள் ஆசிரியப் பணி புரிந்தபின், 2004 சனவரியில் தொண்டர் ஆசிரியனாக லெசோத்தோ சென்றேன்.

நாடும் வாழ்வும்

நாற்புறமும் தென்னாப்பிரிக்காவால் சூழப்பட்ட சிறிய மலைநாடு லெசோத்தோ. பரப்பு 30,355 சதுர கிலோமீட்டர். அதன் மிகத் தாழ்ந்த இடமே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. 1966 அக்டோபர் 4ஆம் நாள் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. தலைநகர் மசேரு. நான் பணியாற்றியது தாபா-ட்செகா மாவட்டத்தில் ஒரு மலைச் சிற்றூரில்.

சனவரி அங்கே கோடைக்காலம். சூன், சூலை மாதங்களில் கடுங்குளிர். கற்சுவரும் புற்கூரையும் கொண்ட வட்டமான வீடு எனக்குக் கிடைத்தது. தண்ணீருக்கு ஊற்று. மலையில் விறகு அரிது. ஆகவே சாணத்தை உலர்த்தி எரிக்கிறார்கள். நம் வறட்டியேதான்! மக்காச்சோள மாவைக் கிளறிய 'பாப்பா'வும், 'மொரோஹோ' என்னும் கீரையும் அன்றாட உணவு. களியும் கீரையும் உண்டு வளர்ந்த எனக்கு இது புதிதன்று. இரண்டே வாரங்களில் ஊரோடு ஒன்றிவிட்டதாக எண்ணிக்கொண்டேன். அது எவ்வளவு பெரிய தவறு!

மொழியும் முகமனும்

அவர்கள் மொழியின் அமைப்பு சுவையானது. தமிழில் சொல்லின் இறுதியில் விகுதி சேர்கிறது. அங்கே சொல்லின் முன்னால் ஒட்டு மாறுகிறது. ஒருவர் 'மோசோத்தோ', பலர் 'பாசோத்தோ', மொழி 'செசோத்தோ', நாடு 'லெசோத்தோ'.

வயதில் மூத்த ஆணை 'ந்தாத்தே' என்பர். தந்தை என்று பொருள். பெண்ணை 'ம்மே' என்பர். தாய் என்று பொருள். முன்பின் அறியாதவரையும் அவ்வாறே அழைப்பர். 'டுமேலா' என்பது வணக்கம். அடுத்து 'லே காயே?' என்று கேட்பர். 'எங்கே இருக்கிறீர்கள்?' என்பது அதன் நேர்ப்பொருள். நலம் விசாரிப்பதே அதன் நோக்கம். 'ரே தெங்', அதாவது 'இருக்கிறோம்', என்பது விடை. இவ்வளவும் முடிந்த பின்னரே வேறு பேச்சு.

இதையெல்லாம் பயிற்சி வகுப்பிலேயே ஏட்டில் எழுதிக்கொண்டேன். ஆனால் வழக்கத்தில் கொள்ளவில்லை. பள்ளியில் பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. நமக்கு இது எதற்கு என்று இருந்துவிட்டேன். கடைக்குப் போனால் எடுத்த எடுப்பில் மண்ணெண்ணெய் கேட்பேன். கடைக்கார அம்மையார் 'டுமேலா, ந்தாத்தே' என்று சொல்லிவிட்டுப் பேசாமல் நிற்பார். செவி மந்தம் போலும் என்று எண்ணி உரக்கக் கேட்டேன். அதை நினைத்தால் இன்றும் நாணுகிறேன்.

ஒரு மாணவனும் ஒரு பாட்டியும்

என் வகுப்பில் பெண்பிள்ளைகளே மிகுதி. பையன்கள் பலர் சிறுவயதிலேயே ஆடு மாடு மேய்க்கச் சென்றுவிடுவர். பதினேழு வயதில் முதற்படிவத்தில் சேர்ந்திருந்த ஒருவன் நாள்தோறும் தாமதமாக வந்தான். மே மாதத்தில் ஒருநாள், 'படிக்க விருப்பமில்லாதவன் வரவே வேண்டாம்' என்று எல்லார் முன்னிலும் கடிந்தேன். மறுநாளிலிருந்து அவன் வரவில்லை.

பத்து நாள் சென்றபின் தலைமையாசிரியையிடம் சொன்னேன். அவர் அமைதியாகக் கேட்டார்: 'ந்தாத்தே, அவன் காலையில் எங்கிருந்து வருகிறான் என்று ஒருநாளாவது கேட்டீர்களா?' அவன் விடியுமுன் மாமனின் ஆடுகளை மேட்டில் விட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் நடந்து பள்ளிக்கு வருகிறவன் என்று அப்போதுதான் அறிந்தேன்.

சனிக்கிழமை உள்ளூர் ஆசிரியர் ஒருவருடன் அவன் ஊருக்கு நடந்தேன். வழியில் எதிர்ப்பட்ட ஒவ்வொருவருக்கும் நின்று வணக்கம் சொன்னோம். வீட்டு வாயிலில் கதவைத் தட்டாமல் 'கோ-கோ' என்று குரல் கொடுத்தோம். போர்வை போர்த்திய பாட்டி வெளியே வந்தார். 'டுமேலா, ம்மே. லே காயே?' என்றேன். என் உச்சரிப்பைக் கேட்டு அவர் சிரித்துவிட்டார். 'ரே தெங்' என்று சொல்லி உள்ளே அமர்த்தினார். 'உன் தாய் உயிரோடிருக்கிறாளா? உன்னை எப்படி இவ்வளவு தூரம் அனுப்பினாள்?' என்று கேட்டார். அந்த நாட்டில் என் தாயைப் பற்றி என்னிடம் கேட்ட முதல் மனிதர் அவரே. அவரிடமும், மாலையில் ஆடுகளோடு திரும்பிய பையனிடமும் நான் சொன்ன சொல்லுக்கு மன்னிப்புக் கேட்டேன்.

பாட்டி வாக்குறுதி எதுவும் தரவில்லை. ஆனால் எனக்கு 'தாபோ' என்று பெயரிட்டார். மகிழ்ச்சி என்று பொருள். அடுத்த வாரம் பையன் வந்தான். கணித வகுப்பைப் பிற்பகலுக்கு மாற்றிக்கொண்டோம். அவன் அவ்வாண்டுத் தேர்வை எழுதித் தேறினான். மறு ஆண்டு மீண்டும் ஆடுகளோடு மலைக்குப் போய்விட்டான். என்னால் தடுக்க முடியவில்லை. ஆயினும் வழியில் கண்டால் தொலைவிலிருந்தே 'ந்தாத்தே தாபோ!' என்று அழைப்பான்.

முடிவுரை

'மோத்தோ கே மோத்தோ கா பாத்தோ' என்பது அவர்களது பழமொழி. மனிதர்களாலேயே மனிதன் மனிதனாகிறான் என்பது அதன் பொருள். கொடுக்கப் போகிறோம் என்ற நினைவோடு சென்ற எனக்கு, முதலில் கேட்கத் தெரியவில்லை. கூரையும் உணவும் கிடைப்பதால் மட்டும் ஒருவன் ஓர் ஊரில் குடியேறியவன் ஆகான். அவ்வூரார் பெயர் சொல்லி அழைக்கும் நாளிலேயே குடியேறுகிறான்.

மாணவ நண்பர்களே! தொண்டு செய்ய எந்த நாட்டிற்குச் சென்றாலும், ஏன், பக்கத்துச் சிற்றூருக்குச் சென்றாலும், முதலில் அவர்களது வணக்கத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். கற்றுக்கொண்டதோடு நில்லாமல், நின்று சொல்லுங்கள். விடையையும் காத்திருந்து கேளுங்கள்.