சிநேகமும் செஞ்சோற்றுக் கடனும்



சென்ற ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் ஒரு தாயார் சாமியார் பங்களா வாசலில் காத்து நின்றார். "சாமி, என் மகன் ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறான். கூட்டாளிகள் நாலு பேரும் சேர்ந்துதான் பார்க்கிறார்கள். அது கெட்ட படமா?" என்று கேட்டார். மகனுக்கு வயது பதினேழு. படம் "சுப்பிரமணியபுரம்".

வாசலில் நின்றபடியே ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடக் கூடிய கேள்வியல்ல அது. ஆகவே இந்த வாரப் பாடத்தை அதற்கே ஒதுக்குகிறோம். குருவானவருக்குச் சினிமாவோடு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். பரி. பாப்பு பதினோராம் பத்திநாதர் 1936-ம் ஆண்டிலேயே சினிமாவைப் பற்றி ஒரு சுற்றுமடல் எழுதினார். பன்னிரண்டாம் பத்திநாதர் 1957-ல் மற்றொன்று எழுதினார். சினிமாவைக் கண்டு ஓடிப்போகும்படி அவர்கள் சொல்லவில்லை. நிறுத்துப் பார்க்கும்படியே சொன்னார்கள்.

படம் 2008-ம் ஆண்டு ஜூலை 4-ம் தேதி வெளிவந்தது. மதுரை ரயில் நிலையத்திற்குத் தெற்கே இருக்கிற சுப்பிரமணியபுரத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள். இயக்கியவர் சசிகுமார், அது அவருடைய முதற் படம். பரமன் என்ற பாத்திரமாகவும் அவரே நடித்தார். கதை நடப்பது 1980-ல். அழகர், பரமன், காசி முதலிய வாலிபர்கள் வேலையில்லாமல் தெருவில் உட்கார்ந்து, குடித்து, அடிதடியில் இறங்கி, காவல் நிலையத்துக்கும் வீட்டுக்குமாக அலைகிறார்கள். அவர்களைப் பிணையில் எடுப்பது அத்தெருவில் வசிக்கும் சோமு என்ற அரசியல்வாதியின் குடும்பம். அவ்வீட்டுப் பெண் துளசியை அழகர் விரும்புகிறான்.

சோமுவுக்குக் கட்சியில் கிடைக்கவேண்டிய பதவி வேறொருவருக்குப் போய்விடுகிறது. சோமுவின் தம்பி கனகு இந்த வாலிபர்களிடம் தன் குடும்பத்தின் மானக்கேட்டைச் சொல்லுகிறான். பதவி பெற்றவரை அவர்கள் வெட்டிக் கொன்றுவிடுகிறார்கள். ஏன்? பணத்துக்காகவா? இல்லை. அவர்களுக்கு அந்த மனிதர்மேல் பகையுமில்லை. "நம்மைப் பிணையில் எடுத்தவர்கள்; அவர்களுக்கு ஒன்று என்றால் நாம் சும்மா இருக்கலாமா?" என்பதே அவர்கள் மனநிலை. அழகரும் பரமனும் சிறை புகுந்தபின் கனகு அவர்களை எட்டியும் பார்க்கவில்லை. சிறையில் அறிமுகமான வேறொருவர் வெளியே எடுத்துவிடுகிறார்; அவருக்கும் நன்றிக்கடன்; அதற்காக இன்னொரு கொலை. பிறகு பழிக்குப் பழி. துளசியைக் கொண்டே வரவழைத்து அழகரைக் கொல்லுகிறார்கள். பரமன் கனகுவின் தலையைத் துண்டிக்கிறான். அந்தப் பரமனைப் பணம் வாங்கிக்கொண்டு எதிரிகளின் கையில் ஒப்புக்கொடுப்பவன் உயிர்த்தோழனான காசி. இருபத்தெட்டு வருடங்களுக்குப் பின் சிறையிலிருந்து வெளிவரும் காசியையும் பழி விடவில்லை.

இதில் வாசகர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இவ்வாலிபர்களைத் துர்க்குணங்கள் மாத்திரம் கெடுக்கவில்லை. சோம்பலும் குடியும் வாசற்கதவைத் திறந்து வைத்தன என்பது மெய். ஆனால் உள்ளே நுழைந்து அவர்களை அழித்தது நன்றியும் சிநேகமும் என்ற இரண்டு நல்ல பெயர்கள். நன்றியறிதல் நீதியைச் சேர்ந்த புண்ணியம் என்று அர்ச். தோமாஸ் அக்குயினார் போதிக்கிறார். அப்படியானால் ஒரு புண்ணியம் எப்படிக் கொலையிலே போய் முடியும்? நாம் பட்ட கடனை நம் சொந்தப் பொருளிலிருந்துதான் அடைக்க முடியும். மூன்றாம் மனிதனுடைய உயிர் நம் சொந்தப் பொருளா? கனகு கேட்டது அவர்களிடம் இல்லாத ஒன்றை. கொடுக்க அவர்களுக்கு உரிமையில்லாத ஒன்றை.

நம் நாட்டிலே செஞ்சோற்றுக் கடன் என்றால் உடனே கர்ணனை நினைத்து உருகுகிறோம். நாமும் சிறுவயதில் உருகியவர்தாம். ஆனாலும் துரியோதனன் பக்கம் அநியாயம் என்று அறிந்தே நின்றவன் கர்ணன் என்பதைக் கதை சொல்லுகிறவர்கள் கொஞ்சம் விரைவாகத் தாண்டிவிடுகிறார்கள். திருவள்ளுவர் அப்படித் தாண்டவில்லை. நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடாநட்பு என்று ஐந்து அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். நட்பைப் புகழ்ந்த கையோடு அதை ஆராயவும் சொன்னார்; தவறும்போது கண்டித்துத் தடுப்பவனே நண்பன் என்பது அவர் கருத்து. அழகருக்கும் பரமனுக்கும் உயிர் கொடுக்கத் தோழர் இருந்தார்கள். "வேண்டாமடா" என்று கையைப் பிடிக்க ஒருவரும் இல்லை.

அர்ச். அகுஸ்தீனார் தம் பாவசங்கீர்த்தன நூலின் இரண்டாம் புத்தகத்திலே பதினாறு வயதில் தாம் செய்த ஒரு திருட்டைச் சொல்லுகிறார். கூட்டாளிகளோடு இரவில் போய் அடுத்த தோட்டத்துப் பேரிக்காய்களைப் பறித்தார். பசியில்லை, பழமும் ருசியில்லை, பன்றிகளுக்கு எறிந்தார்கள். பிறகு ஏன் போனேன் என்று பல பக்கங்களுக்குத் தம்மையே குடைந்து, தனியாயிருந்தால் போயிருக்கமாட்டேன் என்ற இடத்தில் வந்து நிற்கிறார். ஒரு பேரிக்காய்க்கு இத்தனை பக்கங்களா என்று குருமடத்தில் நாங்கள் சிரித்ததுண்டு. பங்குக்கு வந்தபின் சிரிப்பு வரவில்லை. கையில் கட்டுப்போட்டுக்கொண்டு நம்முன் உட்கார்ந்த ஒரு பையன், "அவன் கூப்பிட்டான் சாமி, போனேன்" என்பதற்குமேல் ஒரு காரணமும் சொல்ல முடியாமல் அழுதான்.

இது மதுரைக்கு மாத்திரம் உரிய காரியம் என்றோ, பையன்களுக்கு மாத்திரம் உரியது என்றோ எண்ண வேண்டாம். நியூசிலாந்து தேசத்துக் கிறைஸ்ட்சர்ச் நகரில் 1954-ம் ஆண்டு ஜூன் 22-ம் தேதி, பதினாறும் பதினைந்தும் வயதுடைய இரு மாணவியர், அவர்களில் ஒருத்தியின் தாயையே செங்கல் துண்டால் அடித்துக் கொன்றார்கள். தங்களுக்கென்று ஒரு கற்பனை ராச்சியம் கட்டி, கதைகள் எழுதி, அதிலேயே வாழ்ந்தவர்கள். ஒருத்தியைத் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்ப ஏற்பாடானதும், பிரிவதைவிடக் கொல்வதே மேல் என்று முடிவு செய்துவிட்டார்கள். நாட்குறிப்பில் திட்டமெல்லாம் எழுதப்பட்டிருந்தது. பீட்டர் ஜாக்சன் 1994-ல் இதைப் படமாக எடுத்தார். அங்கே படித்த வீடு, புத்தகம், சங்கீதம். இங்கே தெருவோரம், சாராயம், அருவாள். ஆயினும் இரண்டிடத்திலும் வட்டம் ஒன்றே: உள்ளே இருப்பவர்கள் மாத்திரம் மனிதர், வெளியே இருப்பவர் எல்லாரும் தடைக்கற்கள்.

வாலிபர் அறியவேண்டிய இன்னொரு செய்தி: "நான் வெட்டவில்லை, வண்டியில்தான் இருந்தேன்" என்பது சட்டத்தின்முன் எளிதில் நிற்காது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 3-ம் பிரிவு, 5-ம் உட்பிரிவின்படி, பொது எண்ணத்தோடு பலர் செய்த குற்றத்துக்கு ஒவ்வொருவரும் தானே செய்தாற்போல் பொறுப்பாளி. பழைய தண்டனைச் சட்டத்தில் இது 34-ம் பிரிவாயிருந்தது. பதினெட்டு ஆகவில்லையே என்பதும் முழுக் கவசமல்ல. 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, பதினாறு நிறைந்த பிள்ளை கொடுங்குற்றத்தில் சிக்கினால், நீதிக் குழுமம் பரிசீலித்து, பெரியவர்களைப்போல் விசாரிக்கும்படி வழக்கை அனுப்பவும் கூடும்.

இனி அந்தத் தாயாரின் கேள்வி. படத்தில் இரத்தம் மிகுதி, சிறுபிள்ளைகளுக்குக் காட்டலாகாது. ஆனால் அது பொய் சொல்லும் படமல்ல. வெட்டினவர்களில் ஒருவரையும் வெற்றி வீரனாக வீட்டுக்கு அனுப்பவில்லை. ஜேம்ஸ் வசந்தனின் பாட்டோடும் திருவிழாக் காட்சியோடும் நிறுத்திவிட்டு, கடைசி அரைமணியைப் பாராமல் எழுந்துபோகிறவனுக்குத்தான் அது கெட்ட படம். தகப்பனார் பக்கத்தில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்து, "கனகு கேட்டபோது நீ என்ன சொல்லியிருப்பாய்?" என்று மகனைக் கேட்பாரானால், நாம் பிரசங்கத்தில் செய்வதைவிட அதிகம் செய்தவராவார்.

தொலைபேசியைப் பிடுங்க வேண்டாம் என்று அந்தத் தாயாரிடம் சொன்னோம். கூட்டாளிகள் நாலு பேருடைய பெயரையும் கேட்டோம். இரண்டு பெயர்தான் அவருக்குத் தெரிந்திருந்தது. மற்ற இரண்டையும் விசாரித்துக்கொண்டு, முடிந்தால் நாலு பேரையும் ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிட அழைப்பதாகச் சொல்லிப் போனார்.